கணினியை நிறுத்தாமல் கவனிப்பது எப்படி?



காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்திற்கு அருகே வடக்குப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. இதைச் சுற்றிலும் தொழிற்சாலைகள். ஷிப்டு மாறும் நேரத்தில் தொழிலாளர்களை ஏற்றிய பஸ்கள் இப்பகுதிச் சாலைகளில் வரிசையாகச் செல்லும்.

ஏதேனும் ஒரு தொழிற்சாலை வாயிலை மனத்தில் எண்ணிக் கொள்ளுங்கள். உள்ளே வேலை ஏன் தாமதமாகிறது என்று அறிய நிர்வாகம் விரும்புகிறது. எனவே காவலாளி ஒவ்வொருவரையும் நிறுத்தி, பெயர், நேரம், செல்லும் பிரிவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுகிறார். ஒருவருக்கு அரை நிமிடம் ஆனால், 600 பேர் உள்ளே செல்ல எவ்வளவு நேரம் ஆகும்? 300 நிமிடங்கள், அதாவது 5 மணி! தாமதத்தைக் கண்டறிய வந்த பதிவேடே தாமதத்திற்குக் காரணமாகிவிட்டது அல்லவா?

கணினிக்குள்ளும் இதே சிக்கல் எழுகிறது. அதை அறிஞர்கள் எவ்வாறு தீர்த்தனர் என்பதைக் காண்போம்.

கர்னலும் தடப்பதிவும்

கணினியில் பல நிரல்கள் ஒரே சமயத்தில் இயங்குகின்றன. எந்த நிரலுக்கு எப்போது செயலியைத் தருவது, எதற்கு எவ்வளவு நினைவகம் ஒதுக்குவது என்பவற்றை முடிவு செய்வது இயக்க அமைப்பு. அதன் மையப்பகுதியே கர்னல். லினக்ஸ் என்பது அத்தகைய ஒரு கர்னல். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இதைத் தொடங்கினார்.

கர்னலுக்குள் பல்லாயிரம் சிறு செயற்கூறுகள் உண்டு. எது, எப்போது இயங்கியது என்று குறித்து வைப்பதற்குத் தடப்பதிவு என்று பெயர். அதற்காகச் செலவாகும் கூடுதல் நேரமே தடப்பதிவின் சுமை.

கவனித்தால் மறையும் பிழை

சுமை மிகுந்தால் வேகம் குறைவது மட்டுமா நேரும்? இல்லை. இரண்டு வேலைகள் ஒரே கணத்தில் ஒரே தகவலை மாற்ற முயல்வதால் ஒரு பிழை உண்டாகிறது என்று கொள்வோம். தடப்பதிவைத் தொடங்கியதும் ஒரு வேலை சற்றுப் பின்தங்குகிறது. இரண்டும் மோதுவதில்லை, பிழையும் தோன்றுவதில்லை. 'சரியாகிவிட்டது' என்று எண்ணித் தடப்பதிவை நிறுத்தினால், பிழை மீண்டும் தலைகாட்டுகிறது! ஆகவே சுமை மிகுந்த தடப்பதிவு நம்மை ஏமாற்றவும் கூடும்.

முதல் வழி: தேவையான இடத்தில் மட்டும்

ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்தியப் பிரிவைச் சேர்ந்த வம்சி கிருஷ்ணா 2002இல் கேபுரோப் என்னும் முறையின் தொடக்க வடிவை எழுதினார். அதே பிரிவைச் சேர்ந்த பிரசன்னா பஞ்சமுகி 2004இல் அதை மேம்படுத்தினார். அவ்வாண்டு வெளியான லினக்ஸ் 2.6.9 பதிப்பில் அது இடம் பெற்றது.

இம்முறையில் இயங்கிக் கொண்டிருக்கும் கர்னலில் நாம் விரும்பும் கட்டளை ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அக்கட்டளையின் நகல் தனியே வைக்கப்படுகிறது. அதன் இடத்தில் 'நில்' என்னும் பொறிக் கட்டளை பதிக்கப்படுகிறது. செயலி அங்கு வந்ததும் நின்று, தன் நிலையைக் குறித்துக்கொண்டு, நாம் எழுதிய கண்காணிப்பு நிரலை இயக்குகிறது. பிறகு நகல் கட்டளையை மட்டும் இயக்கி, மறுமுறையும் நின்று, பழைய பாதைக்குத் திரும்புகிறது. கணினியை நிறுத்த வேண்டியதில்லை. மற்ற இடங்களில் சுமையும் இல்லை.

இரண்டாம் வழி: நிறுத்தாமல் திருப்புதல்

கேபுரோப் முறையில் இருமுறை நிற்பதுதான் பெரும் செலவு. நகல் கட்டளையை அடுத்து ஒரு தாவல் கட்டளையைச் சேர்த்தால், இரண்டாவது நிறுத்தம் தேவையில்லை. 'நில்' என்பதற்குப் பதிலாகவே தாவல் கட்டளையை வைத்துவிட்டால் முதல் நிறுத்தமும் தேவையில்லை. ஜப்பானிய அறிஞர் மசாமி ஹிராமட்சு உருவாக்கிய இந்த இரண்டாவது உத்தி, 2010இல் லினக்ஸ் 2.6.34 பதிப்பில் சேர்ந்தது.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போமா? ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஒரு மைக்ரோ வினாடி. இன்டெல் செயலி ஒன்றில் எடுத்த அளவுகளை லினக்ஸ் ஆவணம் தருகிறது. ஒருமுறை கண்காணிக்க, இருமுறை நின்றால் 0.99, ஒருமுறை நின்றால் 0.43, தாவினால் 0.06 மைக்ரோ வினாடி ஆகிறது. வினாடிக்கு ஒரு லட்சம் முறை இயங்கும் இடத்தைக் கண்காணிக்கிறோம் என்று கொள்வோம். முதல் முறையில் ஒவ்வொரு வினாடியிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வீணாகும். கடைசி முறையில் ஆயிரத்தில் 6 பங்கு மட்டுமே!

மூன்றாம் வழி: வெற்றிடம் விட்டு வைத்தல்

எல்லாச் செயற்கூறுகளையும் கவனிக்க வேண்டுமானால்? ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் தடப்பதிவு நிரலை அழைக்கும் கட்டளையை முன்கூட்டியே வைக்கலாம். ஆனால் கவனிக்காத நேரத்திலும் அந்த அழைப்புகள் வீண் செலவாகும். 2008இல் வெளியான லினக்ஸ் 2.6.27 பதிப்பு இதற்கு வழி கண்டது. கணினி தொடங்கும்போதே அந்த அழைப்புகள் 'ஒன்றும் செய்யாதே' என்னும் கட்டளைகளாக மாற்றப்படுகின்றன. தேவைப்படும்போது, தேவையான செயற்கூறுகளில் மட்டும் அழைப்பு மீண்டும் எழுதப்படுகிறது. பதிவேடு மூடியிருக்கும்போது சுமை இல்லை என்றே சொல்லலாம்.

நான்காம் வழி: வாயிலுக்கு ஒரு பதிவேடு

நான்கு வாயில்களுக்கும் ஒரே பதிவேடு இருந்தால், ஒரு காவலாளி எழுதும்வரை மற்ற மூவரும் காத்திருக்க வேண்டும். அதனால் லினக்ஸ் தடப்பதிவில் ஒவ்வொரு செயலிக்கும் தனி நினைவக இடம் உண்டு. மேலும், விவரங்கள் எண்களாகவே சுருக்கமாகக் குறிக்கப்படுகின்றன. பிறகு நாம் படிக்கும்போதுதான் அவை சொற்களாக மாற்றப்படுகின்றன. பெயருக்குப் பதில் டோக்கன் எண்ணை மட்டும் எழுதுவது போன்றது இது.

வடக்குப்பட்டிற்கே திரும்புவோம். 2022இல் இந்தியத் தொல்லியல் துறையினர் இங்கு அகழ்ந்து, பழங்கால மனிதரின் கற்கருவிகளைக் கண்டெடுத்தனர். அதற்காக ஊர் முழுவதையும் அவர்கள் தோண்டிவிடவில்லை. தேர்ந்தெடுத்த இடங்களில் மட்டும் குழி எடுத்தனர். கணினியைக் கவனிப்போருக்கும் அதுவே விதி: வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு, வேண்டிய நேரம் மட்டும்.

செய்து பாருங்கள்

உங்கள் பாடநூலில் ஒரு பக்கத்தை உரக்கப் படித்து, ஆகும் நேரத்தைக் குறியுங்கள். அடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் நோட்டில் ஒரு கோடு இட்டுக்கொண்டே படியுங்கள். மூன்றாவதாக, 'அ' எனத் தொடங்கும் சொற்களுக்கு மட்டும் கோடிடுங்கள். மூன்று நேரங்களையும் ஒப்பிடுங்கள். மூன்றாவது முறையில் கோடிடாத சொற்களுக்கும் சிறிது நேரம் கூடியதா? கூடியிருந்தால் ஏன்?