டயர் சொல்லும் கணக்கு

பிஸ்கட் பாக்கெட்டில்கூட தேதி பார்க்காமல் நாம் சரக்கு இறக்குவதில்லை. அந்தச் சரக்கைச் சுமந்து வரும் வேனின் டயரில் என்ன எழுதியிருக்கிறது என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

சிறு சரக்கு வேன் டயர்களில் ‘145 ஆர் 12, 86/84 என்’ என்பது போலக் காணலாம். 145 டயரின் அகலம், மில்லி மீட்டரில். ஆர் என்றால் ரேடியல். 12 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். என் என்பது மணிக்கு 140 கிலோ மீட்டர் வேக வரம்பு. நம் லோடு வண்டிக்கு அந்தக் கவலை வேண்டாம்.

நமக்கு முக்கியம் 86. இது கிலோ அல்ல, குறியீட்டு எண். 86 என்றால் ஒரு டயர் 530 கிலோ தாங்கும். (84, அதாவது 500 கிலோ, இரட்டைச் சக்கரமாகப் பூட்டும்போது.) பின் டயர் இரண்டும் சேர்ந்து 1,060 கிலோ. அவற்றின் மேல் இறங்கும் வண்டியின் சொந்த எடையும் இதில் அடக்கம். அதை மறந்துதான் ‘இன்னும் நாலு மூட்டை போடு’ என்கிறோம். காற்று குறைந்தால் இவ்வளவும் தாங்காது.

அடுத்தது வயது. டயரின் பக்கவாட்டில், பெரும்பாலும் நீள்வட்டத்துக்குள், நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பல டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். புதிது என்று நாங்கள் வாங்கிய டயரில் தேதிப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டியிருந்தார்கள். அரிசி லோடோடு வழியில் வெடித்த பிறகுதான் பார்த்தோம்: வாங்கும்போதே ஐந்து வருடப் பழைய சரக்கு!

மாட்டுவதற்கு முன்பே டயரைப் புரட்டி இரு பக்கமும் பாருங்கள். அந்த நான்கு இலக்கங்களையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.