டப்பா பாலில் தாய்ப்பாலின் சத்து வருமா?

கேள்வி: பேரனுக்கு இரண்டு மாதம். மகளுக்குப் பால் போதவில்லை என்று டாக்டர் பவுடர் பால் எழுதிக் கொடுத்தார். லாக்டோஃபெரின், எம்.எஃப்.ஜி.எம். சேர்த்த டப்பா விலை அதிகம். அதைத்தான் வாங்க வேண்டுமா?
— ஒரு வாசகி, பிள்ளையார்பட்டி

பதில்: கஷ்டப்பட்டு வாங்க வேண்டாம் அம்மா.

தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்புக்கு அடுத்தபடியாக இருப்பவை ஒலிகோசாக்கரைடுகள் என்ற சர்க்கரைகள். லிட்டருக்கு 10 முதல் 15 கிராம். குழந்தைக்கு அவை செரிக்காது. குடலில் வாழும் நல்ல பாக்டீரியாவுக்கான தீனி அது! பசும்பாலில் அது மிகச் சொற்பம். தாய்ப்பாலில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள். டப்பாவில் சேர்ப்பதோ ஒரு சில.

லாக்டோஃபெரின் இரும்பைப் பிடித்துக்கொண்டு கிருமிக்குக் கிடைக்காமல் செய்யும் புரதம். பிரிட்டனில் சுமார் 2,200 குறைமாதக் குழந்தைகளில் ஒரு பாதிக்குப் பசும்பால் லாக்டோஃபெரின் கொடுத்துப் பார்த்தார்கள். தொற்று குறையவில்லை என்று 2019இல் முடிவு வந்தது. எம்.எஃப்.ஜி.எம். என்பது கொழுப்புத் துளியைப் போர்த்திய சவ்வு. டப்பா பாலில் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்க்கும்போது அது போய்விடுகிறது. திரும்பச் சேர்ப்பதில் தவறில்லை; கட்டாயமும் இல்லை.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் உணவை விளம்பரம் செய்ய நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. அவ்வளவு முக்கியம் தாய்ப்பால்.

ஒவ்வொரு முறையும் முதலில் மார்பில் போடச் சொல்லுங்கள். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று ஒரு கரண்டியைக்கூடக் குறைத்து, தண்ணீராகக் கரைத்துவிடாதீர்கள்.