மூடாத இமைக்கு ஒரு கிராம் பொன்

"சுவாமி, வாய் கோணிப் போச்சு." வெங்காயத் தோட்டம் செய்யும் ஒருவர் என்னிடம் வந்து சொன்ன முதல் வார்த்தை இது. நானும் அவருடைய வாயைத்தான் பார்த்தேன். பிறகுதான் அதே பக்கத்துக் கண் சிவந்து நீர் வடிவதைக் கவனித்தேன். கண்ணை மூடச் சொன்னபோது இமை பாதிவழியில் நின்றது, வெள்ளைவிழி தெரிந்தது. கோணிய வாய் உண்ணவும் பேசவும் இடைஞ்சல் தரும். மூடாத கண்ணோ பார்வையையே இழக்கக் கூடும்.

இமையைத் திறப்பதும் மூடுவதும் ஒரே நரம்பின் வேலை அல்ல. தூக்கும் தசையை மூளையிலிருந்து வரும் மூன்றாவது நரம்பு இயக்குகின்றது. மூடும் தசையை ஏழாவது நரம்பாகிய முக நரம்பு இயக்குகின்றது. முக நரம்பு செயலிழந்தால் தூக்கும் தசைக்கு எதிராக இழுக்க எவருமில்லை. கண் திறந்தபடியே இருக்கும். நாம் இமைக்கும் ஒவ்வொரு முறையும், நிலம் மெழுகுவது போல, கண்ணீர் விழிமேல் பரவுகின்றது. அது நின்றால் கருவிழியின் முன்னுள்ள தெளிவான படலம் காய்ந்து, புண்ணாகி, தழும்பு விழும். நீர் வடியும் கண் எப்படிக் காயும் என்று கேட்பீர்கள். வடியும் நீர் கன்னத்துக்குப் போகின்றதே தவிர, விழிமேல் பரவுவதில்லை.

இன்ன காரணமென்று தெரியாமல் திடீரென வரும் முகவாதத்துக்கு, ஸ்கொட்லாந்து வைத்தியர் சேர்ள்ஸ் பெல்லின் பெயரால் 'பெல் வாதம்' என்று பெயர். இதில் 10 பேரில் ஏறத்தாழ 7 பேர் தாமாகவே முழுமையாகத் தேறுவார்கள். 72 மணித்தியாலத்துக்குள் பிரெட்னிசலோன் மாத்திரை தொடங்கினால் தேறுவோர் தொகை இன்னும் கூடும். பாரிசவாதமும் வாயைக் கோண வைக்கும் என்பதால், எது எதுவென்று வீட்டிலிருந்து ஆராயாமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கட்டியை அகற்றும்போதோ விபத்திலோ நரம்பு அறுபட்டவர்களுக்கும், தொழுநோயால் அது கெட்டவர்களுக்கும் இமையின் பலம் திரும்பாமலே போகலாம். தொழுநோயில் விழியின் உணர்ச்சியும் மங்கிவிடுவதுண்டு. புண் வந்தாலும் நோகாது; ஆகவே ஆபத்து இரட்டிப்பு.

இப்படிப்பட்டவர்களுக்கே இமைப் பாரம். 1958 இல் இல்லிக் என்பவர் மேல் இமைக்குள் பொன் வைக்கும் முறையை ஜேர்மன் மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். வைக்கும் பொன் பெரும்பாலும் 0.6 முதல் 1.8 கிராம் வரைதான். எங்கள் ஒரு பவுண் 8 கிராம் என்பதை நினைத்துப் பாருங்கள். முதலில் வெவ்வேறு நிறைகளை இமையின் வெளியே ஒட்டிப் பார்த்து, கண்ணை மூட வைத்து, ஆனால் திறக்கும்போது இமையைத் தொங்க விடாத நிறையைத் தெரிவு செய்வார்கள். பிறகு விறைப்பு ஊசி போட்டு, இமை மடிப்பில் கீறி, உள்ளே வைத்துத் தைப்பார்கள். நகைப் பொன்னில் செம்பு முதலியன கலந்திருக்கும். இதற்குத் தூய பொன்னே வேண்டும். பொன் ஒவ்வாதவர்களுக்குப் பிளாற்றினம் உண்டு. அது பொன்னிலும் அடர்த்தி கூடியதால் இன்னும் மெல்லியதாகச் செய்யலாம். நரம்பு பின்னர் தேறினால் பாரத்தை எடுத்துவிடலாம்.

பொன்னில்லாத வழிகளும் உண்டு. இமைகளின் வெளிமூலையைத் தைத்துக் கண்ணைச் சிறுப்பிப்பது பழைய முறை. தொழுநோயாளருக்கு, மெல்ல உதவும் நெற்றிப்பொட்டுத் தசையின் ஒரு கீற்றை இமைக்குக் கொண்டுவருவார்கள். பின்னர் பல்லைக் கடித்தால் கண் மூடும்! பழகுவதற்குச் சில காலம் எடுக்கும்.

பாரம் வேலை செய்வது புவியீர்ப்பால். தூக்கும் தசை தளர்ந்ததும் பொன் இமையைக் கீழே இறக்குகின்றது. நிமிர்ந்து இருக்கையில் இது நன்று. மல்லாந்து படுத்தால் பாரம் கீழ்நோக்கி இழுக்காது. ஆகவே சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் பலருக்கு இரவில் களிம்பு தேவைப்படும். சிலருக்குப் பாரம் இடம் நகர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வருவதும் உண்டு. சிவப்போ வீக்கமோ கண்டால் காத்திருக்கக் கூடாது.

அந்தத் தோட்டக்காரருக்குப் பொன் தேவைப்படவில்லை. மூன்று மாதத்தில் நரம்பு தேறியது. அதுவரை பகலில் அடிக்கடி செயற்கைக் கண்ணீர்த் துளி. தோட்டத்தில் தூசுக்குக் கண்ணாடி. இரவில் களிம்பு பூசி, இமையைக் கையால் இறக்கி, மெல்லிய பிளாஸ்ரரால் ஒட்டுவது மனைவியின் வேலை. தொடக்கத்தில் அவர் பஞ்சை மட்டும் வைத்துக் கட்டினார். கட்டுக்குள்ளே கண் திறந்து, பஞ்சே விழியை உரசும் என்று கிளினிக் தாதி சொன்ன பிறகுதான் இமையை ஒட்டப் பழகினார்.