தேவைப்பட்டால் மரபணு மாறிக்கொள்ளுமா?

"அந்த மாத்திரைக்கு உடம்பு பழகிடுச்சு, இனிமே கேக்காது." மருந்துக் கடை வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் உடம்பை விட்டுவிட்டுக் கிருமியைச் சொல்வார்கள்: மருந்தைப் பார்த்துப் பார்த்துக் கிருமி தன்னை மாற்றிக்கொண்டுவிட்டதாம். முதல் பேச்சு தவறு. ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் மாறுவது உடம்பு அல்ல, கிருமிதான். இரண்டாவது பேச்சு பாதி சரி. கிருமிக் கூட்டம் மாறுவது உண்மை. ஆனால் தேவை வந்துவிட்டதென்று எந்தக் கிருமியும் தன் மரபணுவைத் திருத்தி எழுதிக்கொள்வதில்லை.

நம்பிக்கை: மருந்து பட்ட பிறகுதான் எதிர்ப்பு மரபணு உண்டாகிறது.

உண்மை: மாற்றம் முன்பே நடந்துவிடுகிறது. 1940களில் அறிவியலாளர்களுக்குள்ளேயே இது தீராத வழக்கு. 1943இல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்புரூக்கும் ஈ.கோலை பாக்டீரியாவைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்து, மருந்துக்குப் பதில், அந்தப் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் நிறைந்த தட்டுகளில் ஊற்றிப் பார்த்தார்கள். வைரஸைச் சந்தித்த பிறகுதான் மாற்றம் வருகிறது என்றால், எல்லாத் தட்டுகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் பாக்டீரியா பிழைத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. பல தட்டுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஓரிரண்டில் மட்டும் நூற்றுக்கு மேல் மிஞ்சின. அந்தக் குழாய்களில், வைரஸின் வாடையே படாத காலத்தில் மாற்றம் நிகழ்ந்து, சந்ததியாகப் பெருகியிருந்தது என்பதே இதன் பொருள்.

கணக்கு சொன்னதைக் கண்ணுக்கே காட்டியவர்கள், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த எஸ்தர், ஜோஷுவா லெடர்பெர்க் தம்பதி. பாக்டீரியா வளர்ந்திருந்த தட்டின் மேல் வெல்வெட் துணியை மெல்ல ஒற்றி எடுத்தார்கள். துணியின் மென்மயிர்களில் அந்தந்த இடத்துப் பாக்டீரியா இடம் மாறாமல் ஒட்டிக்கொண்டது. ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதுபோல, அதே துணியை ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த பல தட்டுகளில் அடுத்தடுத்துப் பதித்தார்கள். பெரும்பாலானவை செத்தன. பிழைத்தவையோ எல்லாத் தட்டுகளிலும் அதே அதே இடங்களில் முளைத்தன. மருந்தே படாத மூலத் தட்டுக்குத் திரும்பி, அந்த இடத்திலிருந்து எடுத்து மேலும் பிரித்துப் பார்த்தபோது, மருந்தை ஒருமுறைகூடச் சந்திக்காத எதிர்ப்பாளர்கள் கையில் கிடைத்தார்கள். 1952இல் இது வெளியானது. இந்த முறையை உருவாக்கியதில் எஸ்தரின் உழைப்புக்குப் பாடநூல்கள் கொடுத்த இடம் மிகக் குறைவு. எனக்கு அது பெரிய ஆதங்கம்.

இன்னொரு சான்று கனடாவின் யூகான் பகுதியிலிருந்து வந்தது. அங்கே 30,000 ஆண்டுப் பழமையான உறைமண்ணில், வான்கோமைசின் உள்ளிட்ட மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் இருந்ததாக 2011இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மனிதன் பென்சிலினைக் கண்டறிந்ததோ 1928இல்தான். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று கொல்ல இந்த நஞ்சுகளை நெடுங்காலமாகவே தயாரித்துவந்தன. எதிர்ப்பும் கூடவே வளர்ந்தது.

அப்படியானால் மருந்தின் வேலை என்ன? தேர்வு செய்வதுதான். மருந்துக்கு அடங்கும் கிருமிகளைக் கொன்று, அடங்காதவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது. பிழைத்தவை பெருகுவது மட்டுமல்ல, எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமிகளுக்கும் கடத்திவிடுகின்றன. சில மருந்துகள் கிருமியின் பிரதியெடுப்பில் பிழைகளைக் கூட்டக்கூடும் என்பதும் தெரிந்ததே. ஆனால் எந்தப் பிழை வர வேண்டும் என்று அவை வழிகாட்டுவதில்லை. வைரஸால் வரும் சாதாரண சளிக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குபவர், சளிக்கு ஒன்றும் செய்யாமல், தன் குடலில் இந்தத் தேர்வை மட்டும் நடத்துகிறார்.

நம்பிக்கை: மரபணு மாற்றம் என்றால் ஒன்று ஊனம், இல்லாவிட்டால் முன்னேற்றம்.

உண்மை: பெரும்பாலும் இரண்டுமில்லை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் டி.என்.ஏ.விலும், பெற்றோரிடம் இல்லாத புதிய எழுத்து மாற்றங்கள் சுமார் 60 முதல் 70 வரை இருக்கும். தகப்பனின் வயது கூடக்கூட இது கூடும். அவற்றில் மிகப் பலவற்றால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஜப்பானின் மோட்டூ கிமுரா 1968இல் இதையே ஒரு கோட்பாடாக வைத்தார்: மூலக்கூறு அளவில் காலப்போக்கில் நிலைத்துவிடும் மாற்றங்களில் பெரும்பாலானவை தகுதியால் அல்ல, தற்செயலால் பரவியவை. கடுமையாக எதிர்க்கப்பட்ட இந்தக் கருத்தை, இன்று மரபணுக்களை ஒப்பிடுகிறவர்கள் தொடக்கப் புள்ளியாகவே வைத்துக்கொள்கிறார்கள். எங்கே மாற்றம் எதிர்பார்த்ததைவிடக் குறைகிறதோ, அங்கே கைவைத்தால் உயிருக்கு ஆபத்து என்று அர்த்தம். டி.என்.ஏ.வைச் சுருட்டி வைக்கும் ஹிஸ்டோன் எச்4 புரதத்தில் 102 அமினோ அமிலக் கண்ணிகள். பசுவுக்கும் பட்டாணிச் செடிக்கும் இடையே அதில் மாறியிருப்பவை இரண்டே இரண்டு.

நம்பிக்கை: கெட்ட மரபணு தானாகவே ஒழிந்துபோகும்.

உண்மை: கெட்டதா நல்லதா என்பதை இடமும் முடிவு செய்கிறது. அரிவாள் செல் நோய்க்குக் காரணம் ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அது வந்தால் கடும் நோய்; ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கொடிய மலேரியாவிலிருந்து நல்ல பாதுகாப்பு. அதனால்தான் மலேரியா வாட்டிய நிலங்களில் அது தங்கிவிட்டது. ஆப்பிரிக்கர்களுக்கே உரியது என்று பலரும் எண்ணியிருந்த இந்த மாற்றத்தை, 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடமும் கண்டார்கள் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள். மலேரியா குறைந்துவிட்டால் அந்த எழுத்தின் ஆதாயமும் போய்விடும். ஆனாலும் ஒரு பிரதி மட்டும் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் நோயின்றி வாழ்ந்து பிள்ளை பெறுவதால், பல தலைமுறைகளுக்கு அது கைமாறிக்கொண்டே இருக்கும். கணவன், மனைவி இருவரிடமும் அது இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இருக்கிறதா இல்லையா என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.