மருந்துக்கு மட்டுமல்ல, மென்பொருளுக்கும் காலாவதி உண்டு

மருந்து வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்க்கிறீர்கள். உங்கள் கைப்பேசி, கணினி ஆகியவற்றில் உள்ள மென்பொருளுக்கும் அப்படி ஒரு தேதி உண்டு. அதற்குப் பிறகும் சாதனம் வழக்கம்போல் இயங்கும். ஆனால், பாதுகாப்புக் குறைகளைத் தயாரிப்பாளர் சரிசெய்து தரமாட்டார். எடுத்துக்காட்டாக, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது.

இது ஏன் முக்கியம்?

2017 மே மாதம் 'வானாகிரை' இணையத் தாக்குதல் பிரிட்டனில் பல பொது மருத்துவமனைகளின் கணினிகளை முடக்கியது. ஆயிரக்கணக்கான மருத்துவச் சந்திப்புகள் ரத்தாயின. பாதுகாப்பு மேம்பாடு செய்யப்படாத கணினிகளே தாக்குதலுக்கு உள்ளாயின.

எந்தச் சாதனத்தில் எந்த மென்பொருள் உள்ளது, அது எப்போது காலாவதியாகும் என்று நிறுவனங்கள் பட்டியல் வைத்திருப்பது இதனால்தான். நீங்களும் அவ்வாறு செய்யலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. வீட்டிலுள்ள கைப்பேசிகளையும் கணினிகளையும் ஒரு தாளில் எழுதுங்கள்.
2. 'அமைப்புகள்' பகுதியில் மென்பொருளின் பெயரையும் கடைசியாக மேம்படுத்திய தேதியையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. தானாக மேம்படுத்தும் வசதியை இயக்கிவிடுங்கள்.
4. ஆதரவு முடிந்த சாதனத்தில் ஹெல்த்ஹப், சிங்பாஸ், வங்கிச் சேவைகளைப் பயன்படுத்தாதீர்கள்.
5. 'உடனே மேம்படுத்துங்கள்' என்று குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். மோசடியோ என்று சந்தேகம் எழுந்தால் 1799 என்ற எண்ணை அழையுங்கள்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், பிள்ளைகளிடமோ பேரப்பிள்ளைகளிடமோ உதவி கேளுங்கள்.