சளியோடு இருக்கும்போது ஆபரேஷன் வந்தால்

ஆடிச் சாரல் இறங்கும் நாட்களில் கம்பத்திலும் கூடலூரிலும் வீட்டுக்கு ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருப்பார். ஏலக்காட்டு வேலைக்கு விடிகாலை ஜீப்பில் நெருக்கியடித்துப் போகிறவர்களில் ஒருவருக்கு வந்தால் போதும், அந்த வாரமே ஜீப் முழுக்க இருமும். கஷாயம், பாரசிட்டமால், நாலு நாள் என்று அது போய்விடும். அதே நாலு நாளுக்குள் தாங்கமுடியாத வயிற்றுவலியும் சேர்ந்துகொண்டால்தான் சிக்கல்.

என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் வந்தது. மூன்று நாள் காய்ச்சலும் இருமலும். நாலாம் நாள் ராத்திரி தொப்புளைச் சுற்றி வலி. “கேஸாத்தான் இருக்கும்” என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்தார். விடிவதற்குள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் சித்தி அவர் காதோரம் சொன்னார்: “இருமல் இருக்குன்னு வாயத் திறந்துறாதீங்க. மதுரைக்கு எழுதி விட்ருவாங்க.” சித்தப்பாவும் அடக்கித்தான் பார்த்தார். மயக்க டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து “மூச்சை நல்லா இழுங்க” என்றதும் வெடித்துக்கொண்டு வந்தது. அவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார், “எத்தனை நாளா?”

நம் பக்கத்தில் இந்த விஷயத்தில் இரண்டு தப்பு நடக்கிறது. சளியை மறைக்கிறோம். இல்லையென்றால், “சளி முதல்ல தீரட்டும்” என்று அவசரமான நோயைத் தள்ளிப்போடுகிறோம். இரண்டாவதுதான் ஆளைக் கொல்வது. கீழே இருப்பது இந்த இரண்டையும் தவிர்க்கும் வழி.

முதலில், எந்த வலி காத்திருக்காது

தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி. பலகை மாதிரி இறுகிப்போன வயிறு. உள்ளே தள்ளினாலும் போகாமல் கல்லாக நிற்கும் குடலிறக்க வீக்கம், கூடவே வாந்தி. காற்றும் பிரியாமல் மலமும் போகாமல் உப்பும் வயிறு. கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, அல்லது குழந்தையின் அசைவு குறைவது. இவற்றில் எது வந்தாலும் சளி, காய்ச்சல், கொரோனா எதுவும் கணக்கில் இல்லை. உடனே கிளம்ப வேண்டும். பையன்கள் வெட்கப்பட்டுச் சொல்லாத ஒன்று உண்டு: விதைப்பையில் திடீரென்று வரும் கடும் வலி. விதை முறுக்கிக்கொண்டிருந்தால் அதைக் காப்பாற்ற ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் கெடு. “அடிவயிறு வலிக்குது” என்று மட்டும் சொல்லும் பையனிடம் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அடுத்து, வாயைக் கட்டுவது

சோடா, ஓமத்தண்ணி, விளக்கெண்ணெய், பேதி மாத்திரை எதுவும் கூடாது. இட்லி, கஞ்சி, காபியும் கூடாது. வயிற்றில் சரக்கு இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் அது மேலே ஏறி நுரையீரலுக்குள் போகலாம். ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலுக்கு அது இரட்டை அடி. தொடர்ந்து சாப்பிடும் மாத்திரையை வழக்கம்போல் போடலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். மெடிக்கலில் ஏதாவது வாங்கிப் போட்டிருந்தால் அட்டையைத் தூக்கி எறியாமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே, எப்படிப் போவது

108-ஐக் கூப்பிடும்போதே காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் இருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி அரசு மருத்துவமனைகள் பக்கத்தில் உண்டு. பெரியகுளத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை. பெரிய அறுவை, தீவிர சிகிச்சை என்றால் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கம்பத்திலிருந்து தேனிக்கே 40 கி.மீ. வரும், அதைத் தாண்டி ஆண்டிபட்டி ரோட்டில் இன்னும் போக வேண்டும். ஆகவே பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்து, டிரிப்ஸ் ஏற்றி, அங்கிருந்து சொல்லிவிட்டு அனுப்பினால் அதை அலைக்கழிப்பு என்று நினைக்காதீர்கள். மயக்க டாக்டரும் ஆக்ஸிஜனும் ஐசியூவும் ஒரே இடத்தில் இருப்பது இந்த நோயாளிக்கு ரொம்ப முக்கியம். சித்தி பயந்த “எழுதி விடுவது” சில நேரம் உயிரைக் காப்பது.

மலைக்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பம்மெட்டு, போடிமெட்டு வளைவுகளில் ராத்திரி இறங்குவது எப்படி என்று உங்களுக்கே தெரியும். சாயங்காலம் வலி கூடிக்கொண்டே போனால் விடியட்டும் என்று பார்க்காமல் வெளிச்சத்திலேயே இறங்கிவிடுங்கள். மூச்சு வாங்குகிறவரை ஜீப்பில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டாம், சாய்த்து உட்காரவையுங்கள். காப்பீட்டு அட்டை, ஆதார், ரேஷன் கார்டு இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், பின்னால் ஒருவர் கொண்டுவரட்டும்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியது

போகிற வழியிலேயே ஒரு சீட்டில் எழுதிவிடுங்கள். பதற்றத்தில் வாய் குழறும், சீட்டு குழறாது. இப்படி இருந்தால் போதும்:

“இருமல் செவ்வாய்க்கிழமையிலிருந்து. காய்ச்சல் மூணு நாள். மஞ்சள் சளி. வீட்டில் பேத்திக்கும் இருக்கு. இருபது வருசமா பீடி. சுகர் மாத்திரை உண்டு, ரத்தம் உறையாத மாத்திரை இல்லை. கடைசியா சாப்பிட்டது ராத்திரி எட்டு மணி, சோடா பத்து மணி.”

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இருமலைச் சொன்னதால் தேவையில்லாத ஆபரேஷன் தப்பவும் வாய்ப்பு உண்டு. நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா வந்தால் குழந்தைகளுக்கு வயிறுதான் வலிக்கும். வைரஸ் காய்ச்சலில் குடலை ஒட்டிய நெறிக்கட்டிகள் வீங்கி, அச்சு அசலாகக் குடல்வால் வலி மாதிரியே இருக்கும். இருமலை மறைத்தால் டாக்டருக்கு இந்தச் சந்தேகமே வராது.

ஆபரேஷன் நிச்சயம் என்றான பிறகும் மயக்க டாக்டருக்குத்தான் இது பெரிய சேதி. வைரஸ் தொற்றில் மூச்சுக்குழாயின் உள்தோல் உரிந்து, நரம்புகள் தொட்டாற்சிணுங்கியாகிவிடும். தொண்டைக்குள் டியூப் போகும்போது குழாய் சட்டென்று இறுகிக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு இது கூடுதல். தெரிந்திருந்தால் முன்கூட்டியே மருந்து கொடுப்பார், மருந்தை மாற்றுவார், முடிகிற இடத்தில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கவைப்பார். “முதுகு ஊசியில் முடியுமா?” என்று நீங்களும் கேட்கலாம். முடியாது என்றால் அதற்குக் காரணம் இருக்கும். கொரோனா, ஃப்ளூ பரிசோதனைக்கு மூக்கில் குச்சி விட்டால் ஒத்துழையுங்கள். உயிர் போகிற அவசரத்தில் முடிவு வரும்வரை ஆபரேஷனை நிறுத்திவைப்பதில்லை. தொற்று இருப்பதாகவே வைத்துக்கொண்டு செய்வார்கள்.

ஆபத்து எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: கொரோனாவின் முதல் அலையில், 2020 தொடக்கத்தில், 24 நாடுகளில் தொற்றோடு ஆபரேஷனுக்கு ஆளான 1,128 பேரைக் கணக்கெடுத்தார்கள். பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம். வயதான ஆண்களும் அவசர ஆபரேஷன்காரர்களும் அதில் அதிகம். தடுப்பூசி வருவதற்கு முந்திய கணக்கு அது, இன்றைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் தொற்று நேரத்து ஆபரேஷனில் கண் வைக்க வேண்டியது வயிற்றுத் தையலை விட நுரையீரலின் மேல்தான் என்பது அன்றிலிருந்து மாறவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு

இங்கேதான் வீட்டுக்காரர்களின் கை ஓங்க வேண்டும். தையல் வலிக்கும் என்று நோயாளி இருமமாட்டார், மூச்சையும் மேலாக்கத்தான் விடுவார். சளி அடியில் தங்கும், நுரையீரலின் கீழ்ப்பகுதி சுருங்கும், அதில் நிமோனியா பிடிக்கும். ஆகவே வலி மருந்தை “வேணாம், தாங்கிக்கிறேன்” என்று தள்ளவிடாதீர்கள். வலி அடங்கினால்தான் இரும முடியும்.

இரும ஒரு முறை உண்டு. தலையணையை மடித்துத் தையலின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாலு மூச்சு ஆழமாக இழுத்து, ஐந்தாவதில் இரும வேண்டும். சித்தப்பாவுக்கு முதல் நாள் நான்தான் தலையணை பிடித்தேன். மூன்றாம் நாள் யாரையும் தொடவிடவில்லை. வார்டில் மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுப்பார்கள். எல்லோரும் “பந்து ஊதுறது” என்பார்கள், ஊதவும் செய்வார்கள். ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். மெதுவாக இழுத்துப் பந்தை மேலேயே கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து தரம்.

தலைமாட்டை உயர்த்தியே வையுங்கள். டாக்டர் சம்மதித்ததும் கட்டிலை விட்டு இறக்கி நடக்கவிடுங்கள். காலில் ரத்தம் கட்டுவதையும் அது தடுக்கும். துணைக்கு இருப்பவர் சளி இல்லாத ஆளாக, ஒரே ஆளாக, மாஸ்க்கோடு இருக்கட்டும். ரொட்டியும் ஹார்லிக்ஸும் தூக்கிக்கொண்டு வரும் சொந்தபந்தத்தை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொல்லாப்பு வந்தால் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

வீடு திரும்பிய பிறகும் ஒரு மாதம் கவனம் வேண்டும். மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, விட்டுப்போன காய்ச்சல் திரும்புவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, தையலில் சீழ், விரல்நுனிக் கருவியில் ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே போவது: இதில் ஒன்று வந்தாலும் மறுபடி ஆஸ்பத்திரிக்குத்தான்.

தேதி குறித்த ஆபரேஷன் என்றால்

மூட்டு மாற்று, சிக்கலில்லாத குடலிறக்கம், பித்தப்பைக் கல் போன்றவற்றுக்கு இதெல்லாம் தலைகீழ். அங்கே காத்திருப்பதுதான் புத்தி. 2020 அக்டோபரில் 116 நாடுகளில் எடுத்த கணக்கில், கொரோனா வந்த இரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்தவர்களில் சுமார் 4 சதவீதம் பேர் இறந்தார்கள். ஏழு வாரம் கழிந்தவர்களுக்கு அது தொற்றே வராதவர்களுக்குச் சமமாக, 1.5 சதவீதமாக இறங்கியது. தடுப்பூசிக்குப் பிறகு இந்தக் கெடு தளர்ந்திருக்கிறது. குறைந்தது இரண்டு வாரம், அதற்குமேல் வயதையும் நோயையும் பார்த்து என்று 2023-இல் பிரிட்டன் மயக்கவியல் மருத்துவர்கள் திருத்திச் சொன்னார்கள். காய்ச்சலும் மஞ்சள் சளியுமாக இருக்கும் குழந்தைக்கும் இரண்டு முதல் நாலு வாரம் தள்ளிப்போடுவதுதான் வழக்கம். தேதிக்கு முதல் நாள் தும்மல் வந்தாலும் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். லீவு எழுதிக்கொடுத்தாகிவிட்டது, ஜீப் சொல்லியாகிவிட்டது என்று கிளம்பி வந்து, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கலாம்.