மால் போஜனம்

பழைய சாப்பாட்டு ஹோட்டல்களின் ருசியில் ஊறிப்போன என் வயதுக்காரர்கள் பலர், அங்காடி மாளிகைகளுக்குள் சென்று உண்பதை ஏதோ தர்ம விரோதமான காரியம்போலப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய அபிப்பிராயத்தில் எனக்குச் சம்மதம் இல்லை. சென்னையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ 2010-லும், வேளச்சேரி பீனிக்ஸ் 2013-லும் திறக்கப்பட்ட காலந்தொட்டு, முதலில் பேரப்பிள்ளைகளின் நிர்ப்பந்தத்தாலும் பின்னர் நானே விரும்பியும் அத்தகைய இடங்களில் உண்டு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே கிடைக்கும் பதார்த்தங்களில் பெரிய குறையொன்றும் இல்லை, ஆனால் எப்போது, எவ்வளவு, யாருடன் உண்பது என்பதை வீட்டை விட்டுக் கிளம்புமுன் நாம் நிச்சயித்துக்கொள்ளாவிட்டால், அந்தக் கட்டிடமே நமக்காக அதை நிச்சயித்துவிடும்.

புட் கோர்ட்டைப் பெரும்பாலும் மேல்தளத்திலேயே ஏன் வைக்கிறார்கள் என்பதைச் சற்று யோசித்துப் பார்த்தால் இது விளங்கும். பசித்தவன் எப்படியும் மேலே ஏறி வருவான். வரும் வழியில் துணிக்கடையும் செருப்புக்கடையும் அவன் கண்ணில் பட்டுவிடும். அப்படி ஒவ்வொரு கடையாக ஏறியிறங்கி, கால் கடுத்து, குழந்தைகள் சிணுங்கத் தொடங்கிய பிறகு மேஜையைத் தேடிப் போகிறவன், பசியின் வேகத்தில் இரண்டு பேருக்குப் போதுமானதை ஒருவனுக்கென்று வாங்கிவிட்டுப் பாதியை மீதம் வைப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆகையால் முதலில் உண்டுவிட்டுப் பிறகு கடைகளைச் சுற்றுவதே நான் கைக்கொண்டிருக்கும் முறை. ஞாயிற்றுக்கிழமையானால் பகல் பன்னிரண்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிட வேண்டும். ஒன்றரை மணிக்கு மேல், சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் வேறொரு குடும்பம் வந்து நின்று அவருடைய தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். அதே மாளிகையில் சினிமாக் கொட்டகையும் இருக்குமானால், படம் விடுகிற நேரத்தையும் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. நூற்றுக்கணக்கான ஜனங்கள் ஒரே சமயத்தில் பசியோடு வெளியே வரும்போது, எந்தக் கவுண்ட்டரும் அவர்களைச் சமாளிக்க இயலாது.

புட் கோர்ட்டின் உண்மையான விசேஷம், ஒரே மேஜையில் தயிர் சாதமும் நூடுல்ஸும் பிரியாணியும் சச்சரவின்றிச் சேர்ந்திருப்பதுதான். மாமியாருக்கு வெங்காயம் ஆகாது, மருமகனுக்கு மாமிசம் இல்லாவிட்டால் சாப்பாடே இறங்காது என்றிருக்கும் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். ஆனால் கவுண்ட்டர்கள் வெவ்வேறானவையாதலால் உணவும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கிறது. பேரனின் தட்டு காலியாகும் வேளையில்தான் பாட்டியின் தோசைக்கு டோக்கன் எண் ஒளிர்கிறது. தாமதமாகக் கூடியதை முதலிலும், தயாராகக் கொதித்துக்கொண்டிருப்பதைக் கடைசியிலும் சொன்னால் எல்லோரும் சேர்ந்து உண்ணலாம். ஒருவர் மேஜையைவிட்டு எழாமல் காவல் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பைக் குழந்தைகளிடம் விடலாகாது. முன்பணம் கட்டி அட்டை வாங்கும் இடங்களில் தேவைக்குச் சற்றுக் குறைவாகவே பணம் ஏற்றுவது என் வழக்கம். போதாவிட்டால் மறுபடியும் ஏற்றிக்கொள்ளலாம். எஞ்சிய ஐம்பது ரூபாயைத் திரும்பப் பெற, சாப்பிட்ட களைப்போடு வரிசையில் நிற்பது யாருக்கும் பிடிப்பதில்லை.

உட்கார்ந்த இடத்துக்கே பரிமாற வருகிற உணவகங்களில் கவனிக்க வேண்டியது பில். ஒருமுறை ஒரு மாலில் எண்ணூறு ரூபாய்க்கு உண்டதற்கு 924 ரூபாய் கேட்டார்கள். வாங்கிப் படித்ததில், 10 சதவீதம் சேவைக் கட்டணமாக எண்பது ரூபாயைச் சேர்த்து, அந்த எண்பதின்மீதும் சரக்கு-சேவை வரியைப் போட்டிருந்தது தெரிந்தது. இத்தகைய உணவகங்களில் வரி, மத்திய அரசுக்கு 2.5, மாநிலத்துக்கு 2.5, ஆக 5 சதவீதம். அதன்படி வரவேண்டியது 840 ரூபாய்தான். சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவித்திருக்கிறது. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றமும் அதை ஆதரித்துத் தீர்ப்பளித்தது. சண்டை போடாமல், “தம்பி, இதை எடுத்துட்டு வேற பில் போட்டுக் கொடுங்க” என்றேன். அவரும் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துவிட்டார். பரிமாறிய பிள்ளைக்கு ஏதேனும் கொடுக்கத் தோன்றினால் அவன் கையிலேயே கொடுப்பது மேல். தண்ணீர் விஷயம் வேறு: பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் உணவகங்கள் வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டபடியால், அதில் வாதாடிப் பயனில்லை. பாட்டிலின் மூடியைத் திருகுமுன் “சாதாரணத் தண்ணீர் போதும்” என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

இனிப்புக்கு வருவோம். உண்ட மேஜையிலேயே இனிப்பையும் வரவழைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுந்து, ஒரு தளம் இறங்கி, சற்று நடந்து, இனிப்புக்கென்றே இருக்கும் கடைக்குப் போவதற்குள் வயிற்றில் கொஞ்சம் இடம் உண்டாகிறது. அப்படி உண்டாகாவிட்டால், இன்னும் வேண்டியதில்லை என்று அர்த்தம். ஐஸ்கிரீம் கடையில் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று, சிப்பந்தி நீட்டும் சின்னஞ்சிறு கரண்டியில் இரண்டொன்றைச் சுவைத்துப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். அவர்கள் அதற்காகவே வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகையை மட்டும் ஊன்றிப் படியுங்கள். சட்டப்படி ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். ‘ஃப்ரோஸன் டெஸர்ட்’ என்று எழுதியிருந்தால் அங்கே பால் கொழுப்பின் ஸ்தானத்தைத் தாவர எண்ணெய்க் கொழுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. அது உண்ணத்தகாத வஸ்து அல்ல. ஆனால் ஐஸ்கிரீமின் விலையைக் கொடுத்து அதை வாங்க வேண்டியதில்லை.

மற்றொரு சூட்சுமம் காற்று. ஐஸ்கிரீமைக் கடையும்போது அதனுள் காற்றும் புகுகிறது. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராம் இருந்தாலே விதிக்குப் போதும் என்றால், கிண்ணத்தில் கோபுரமாக எழும்பி நிற்பதில் காற்று எவ்வளவு என்பதை ஊகித்துக்கொள்ளலாம். தராசில் நிறுத்து விற்கும் கடைகளை நான் நாடுவது இதனால்தான். அங்கேயும் ஒரு எச்சரிக்கை உண்டு: மேலே தூவுகிற முந்திரியும் சாக்லேட் குழம்பும் அதே தராசில்தான் ஏறுகின்றன. குழந்தைகள் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டால், ஐஸ்கிரீமைவிடக் குழம்பு கனத்துவிடும்.

வாங்கியவுடன் அவசரப்பட்டு விழுங்காமல் இரண்டு நிமிஷம் பொறுப்பது உத்தமம். கடுங்குளிர் நாக்கின் உணர்ச்சியை மழுக்கிவிடுவதால், விளிம்பு பளபளத்து இளகும் தருணத்தில்தான் ஏலக்காயோ மாம்பழமோ உள்ளபடி தெரியவரும். வாஃபிளுக்கு இந்தப் பொறுமை கூடாது. இரும்பு அச்சை மூடி, ஓரங்களில் ஆவி சீறி, பொன்னிறமாக வெளியே வரும் அதன் மொறுமொறுப்பு, மேலே ஐஸ்கிரீம் வைத்த மறுகணமே கரையத் தொடங்குகிறது. ஆதலால் இரண்டையும் தனித்தனியே தரச் சொல்லித் தொட்டுத் தொட்டு உண்கிறேன். இருவருக்கு ஒன்று தாராளம். பத்துக் கிளைகளுக்குக் குறையாத கடைகள் 2022 ஜூலையிலிருந்து கலோரிக் கணக்கையும் விலைப்பட்டியலில் போட வேண்டுமாதலால், அந்த எண்ணைப் பார்த்தாலே பங்கு போட்டுக்கொள்ளத் தோன்றிவிடும்.

நான் சிபாரிசு செய்யாதது சிஸ்லிங் பிரௌனி ஒன்றுதான். காய்ந்த இரும்புத் தட்டில் ஊற்றிய சாக்லேட் தீய்ந்து கசந்துபோகிறது. கேக்கின் அடி இறுகுகிறது. ஐஸ்கிரீம், கரண்டி எடுக்குமுன் பாயசமாகிவிடுகிறது. எஞ்சுவது புகையும் இரைச்சலுந்தான். அவை இரண்டும் அடுத்த மேஜைக்கும் இலவசமாகவே வந்துசேர்கின்றன என்பதால், பேரன் அதைக் கேட்டு அடம்பிடிக்கும்போதெல்லாம், அதை வரவழைத்திருக்கும் யாருக்காவது பக்கத்தில் இடம் பார்த்து உட்காரவைத்து விடுகிறேன்.